கனவான் ஆட்டமும் முரடர் ஆட்டமும்: பத்தாங் பெர்ஜுந்தாய்த் திடல்களிலிருந்து ஒரு மறுவாசிப்பு

ரக்பி முரடர்க்குரிய ஆட்டம், எனினும் அதனை ஆடுவோர் கனவான்கள். காற்பந்து கனவான்களுக்குரிய ஆட்டம், எனினும் அதனை ஆடுவோர் முரடர்கள். இப்பொருள்பட ஆங்கிலேயர் வழங்கிவரும் கூற்று ஒன்று உண்டு. மலேசியாவில் விளையாட்டு விழா மேடைகளிலும் ஆசிரியர் பயிலரங்குகளிலும் இன்றும் அதனைக் கேட்கலாம். தமிழ் மாணவரிடையே ஒழுங்கு குன்றிவருகிறது என்னும் கவலையோடு சேரும்போது இக்கூற்று ஒரு பரிந்துரையாகவே மாறிவிடுகிறது. காற்பந்து நம் பிள்ளைகளுக்குச் சண்டையைக் கற்றுக்கொடுத்துவிட்டது, நடுவரை ‘ஐயா’ என்று விளிக்கும் ரக்பியைக் கொண்டுவந்தால் பண்பு வளரும் என்பதே அப்பரிந்துரை. நல்லெண்ணத்தில் பிறந்தது அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அடித்தளமாக உள்ள கூற்றை நாம் ஆராயாமலேயே உண்மை எனக் கொண்டுவிட்டோம்.

பழமொழியாயினும் பாடலாயினும், அதனை யார் யாரை நோக்கிக் கூறுகிறார், எந்தச் சூழலில் கூறுகிறார் என்று வினவுவது நம் இலக்கணமரபில் புதியதன்று. கூற்று, கேட்போர், களன் எனத் தொல்காப்பியர் வகுத்த உறுப்புகளை இந்த ஆங்கிலக் கூற்றின்மீது பொருத்திப் பார்ப்பது பயன்தரும். அதற்குரிய களமாகச் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவ்வூர் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் அங்குப் பிறந்து வளர்ந்தோர் நாவில் பழைய பெயரே நிலைத்திருப்பதால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது.

ஒரு கப்பல், இரு கிண்ணங்கள்

காற்பந்தும் ரக்பியும் மலாயாவில் போட்டி வடிவம் பெற்றது ஒரே கொடையினால் என்பதைப் பலர் அறிவதில்லை. முதல் உலகப் போரின்போது கூட்டு மலாய் மாநிலங்களின் செலவில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்ட போர்க்கப்பல் ‘எச்.எம்.எஸ். மலாயா’. ஈயமும் ரப்பரும் ஈட்டித்தந்த வருவாயில் கட்டப்பட்ட கப்பல் என்று அதனைக் கூறுவதில் தவறில்லை. 1921இன் தொடக்கத்தில் அது மலாயாத் துறைமுகங்களுக்கு வந்தது. கப்பலின் பணியாளர் ஆங்காங்கே உள்ளூர் அணிகளுடன் பல விளையாட்டுகள் ஆடினர். பின்னர் நன்றியறிதலாக இரு கிண்ணங்களை வழங்கினர். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. முன்னது மலாயாக் கிண்ணம் எனப் பெயர் பெற்று 1967இல் மலேசியக் கிண்ணம் ஆயிற்று. பின்னது எச்.எம்.எஸ். மலாயாக் கிண்ணம் என்றே ரக்பி உலகில் நிலைபெற்றது. முதலாவது மலாயாக் கிண்ண இறுதியாட்டம் 1921 அக்டோபரில் கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் திடலில் நடைபெற, சிங்கப்பூர் சிலாங்கூரை வென்றது.

இரு கிண்ணங்களும் பிறந்த இடம் ஒன்றே எனினும் சென்ற வழிகள் வேறு. காற்பந்துக் கிண்ணம் நகரத்து இனச்சங்கங்களையும் காவல்துறை, இரயில்வே, பொதுப்பணி ஆகிய துறைகளின் அணிகளையும் கடந்து தோட்டத்துப் பையன்களின் கனவுக்குள் புகுந்தது. ரக்பியோ முதலில் ஐரோப்பியத் துரைமார்களின் கிளப்புகளிலும், பின்னர் 1905இல் நிறுவப்பட்ட கோலகங்சார் மலாய்க் கல்லூரி போன்ற உறைவிடப் பள்ளிகளிலும், படையிலும் காவல்துறையிலும் வேரூன்றியது. ஆள்வோரும் ஆளப்போவோரும் பயின்ற இடங்கள் அவை. அங்கு ஆடப்பட்ட ஆட்டத்தைக் ‘கனவான் ஆட்டம்’ என்பது ஆட்டத்தைப் பற்றிய செய்தியா, ஆடியோரைப் பற்றிய செய்தியா என்னும் வினா இங்கேயே எழுந்துவிடுகிறது.

இலங்கை மலையகத்திலும் இதே நிலை. டிம்புள்ள, டிக்கோயா ஆகிய தோட்டத்துரைமார் கிளப்புகள் ரதெல்லை, டரவெல்லைத் திடல்களில் ரக்பி ஆடின. அத்திடல்களைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் உழைத்தவர் தமிழர். திடல் அவர்கள் கண்ணெதிரே இருந்தது. ஆட்டம் அவர்களுடையதாக இல்லை.

வன்முறை எங்கே இருக்கிறது?

ரக்பியும் காற்பந்தும் பிரிந்ததே வன்முறை பற்றிய விவாதத்தினால்தான். 1863இல் இலண்டனில் காற்பந்துச் சங்கம் கூடி விதிகளை வகுத்தபோது, எதிராளியின் கணைக்காலில் உதைப்பதை அனுமதிக்கலாமா என்பது பெரும் சிக்கலாயிற்று. உதைப்பதை நீக்கினால் ஆட்டத்தின் துணிவும் வீரமும் போய்விடும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்கள்கூட நம்மை வென்றுவிடுவர் என்று பிளாக்ஹீத் கழகத்தின் கேம்பல் வாதாடினார். வாதம் தோற்கவே அக்கழகம் விலகியது. வேடிக்கை என்னவெனில், 1871இல் ரக்பிச் சங்கம் அமைக்கப்பட்டபோது அவ்வுதையை அதுவும் தடைசெய்துவிட்டது. எதற்காகப் பிரிந்தனரோ அது எட்டே ஆண்டுகளில் இரு தரப்புக்கும் வேண்டாததாயிற்று.

சமூகவியலாளர் நோர்பர்ட் எலியாஸும் எரிக் டனிங்கும் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். டனிங், கென்னத் ஷியர்டுடன் இணைந்து 1979இல் வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் ‘காட்டுமிராண்டிகள், கனவான்கள், ஆட்டக்காரர்கள்’ எனலாம். நாகரிகம் வளர வளர மனிதர் வன்முறையை ஒழித்துவிடுவதில்லை, அதற்கு வேலியிட்டு விதிகளுக்குள் அடைக்கின்றனர் என்பது எலியாஸ் வழி ஆய்வுகளின் அடிப்படைக் கருத்து. இக்கருத்தைத் தமிழ் மாணவர்க்கு விளக்க ஐரோப்பாவுக்குச் செல்லவே வேண்டியதில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவும் தொழுவே அவ்வேலி. கொம்புக்கு அஞ்சுபவனை மறுபிறப்பிலும் தழுவாள் ஆயமகள் என்னும் கேம்பல் வகை வாதமும் அங்கு உண்டு. சாத்தந்தையார் பாடிய ஆமூர் மல்லன் போரிலோ (புறம். 80), ஒரு கால் மார்பிலும் மற்றொரு கால் முதுகிலும் பொருந்த எதிராளியை மடக்கும் நுட்பமே பேசப்படுகிறது, சினம் பேசப்படவில்லை. வன்முறைக்கு ஒரு வடிவம் அமைந்துவிட்டால் அது திறமாகக் காணப்படுகிறது.

இவ்வளவில் நோக்கினால் இரு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு பண்பில் இல்லை, வேலி அமைந்துள்ள முறையில் இருக்கிறது. ரக்பியில் பந்தை வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது ஆட்டத்தின் உயிர். உடல் மோதலுக்கு உரிமம் உண்டு. ஆகவே மோதல் நடந்தது என்பதே யாரையும் சினமூட்டுவதில்லை. தோள்மட்டத்துக்கு மேலே பிடித்தாரா, கைகளால் அணைத்துப் பிடித்தாரா என்பதே வினா. காற்பந்திலோ மோதல் முழுவதும் தடைசெய்யப்படவுமில்லை, முழுவதும் அனுமதிக்கப்படவுமில்லை. தோளோடு தோள் உரசலாம், தள்ளக்கூடாது. பந்தைத் தொட்ட கால் ஆளையும் தொட்டால் என்ன என்பது ஒவ்வொரு முறையும் வழக்காகிறது. ஒரு கோல் ஆட்டத்தையே முடித்துவிடக்கூடும் என்பதால் ஒவ்வொரு வழக்கும் உயிர் வழக்கு. விழுந்து புரண்டு நடிப்பதற்கும் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்துவதற்கும் விதைகள் இங்கே உள்ளன. இவற்றைக் கீழ்மக்களின் இயல்பெனக் கூறுவது சோம்பேறித்தனமான விளக்கம்.

ரக்பியின் விளையாட்டுப் பண்புக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது நடுவர்க்கு அது தரும் மரியாதை. அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் பேசலாம். நடுவர் தம் முடிவுக்குக் காரணம் சொல்வது ஒலிவாங்கி வழியே அரங்கிற்கும் தொலைக்காட்சிக்கும் கேட்கிறது. இது போற்றத்தக்க மரபு. ஆனால் மரபு வேறு, மனிதர் வேறு. 2009 ஏப்ரலில் இலண்டனின் ஹார்லிக்குவின்ஸ் அணி அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அணியுடன் மோதியபோது, வெளியேறிய ஆட்டக்காரர் ஒருவரை மீண்டும் களமிறக்குவதற்காக மற்றோர் ஆட்டக்காரர் செயற்கைக் குருதிக் குப்பியைக் கடித்துக் காயம்பட்டவர்போல் நடித்தார். அவ்வணியின் ரக்பி இயக்குநர் மூன்றாண்டுத் தடை பெற்றார். காற்பந்தில் வலி வந்ததாக நடிக்கின்றனர். கனவான் ஆட்டத்தில் குருதியே வந்ததாக நடித்துள்ளனர்.

இன்னும் கடுமையான உண்மை ஒன்றுண்டு. 2003இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சன், தமக்கு இளவயதிலேயே மறதிநோய் தாக்கியிருப்பதை 2020 டிசம்பரில் வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளே காரணம் எனக் கூறி அவரும் வேறு பல முன்னாள் ஆட்டக்காரர்களும் ரக்பி ஆளுமை அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தனர். தாம் வென்ற இறுதியாட்டமே தம் நினைவில் இல்லை என்று அவர் கூறியது உலகச் செய்தியாயிற்று. விதிக்குட்பட்ட வன்முறையும் வன்முறையே என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட இயலாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரக்பியைப் பரிந்துரைப்போர் இவ்வழக்கையாவது அறிந்திருக்க வேண்டும்.

தென்னமரம் முதல் செம்பனை வரை

இனித் தோட்டத்துக்கு வருவோம். பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றிலும் ஈய வயல்களும் தோட்டங்களும் நிறைந்திருந்தன. மலாயாவில் செம்பனையை வணிக முறையில் முதன்முதலாக 1917இல் பயிரிட்ட தென்னமாரான் தோட்டம் இவ்வட்டாரத்தது. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி போக்கோனியே பின்னாளில் ‘மலேசி’ என்னும் நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத்தின் பெயர் தமிழ், தொடங்கியவர் பிரெஞ்சுக்காரர், வந்த மரமோ ஆப்பிரிக்க மரம். இந்த விந்தையை நம் மாணவர்க்கு நாம் போதுமான அளவு எடுத்துரைத்ததில்லை.

தோட்டத்தில் திடல் ஏன் இருந்தது? துரை தந்தார் என்பதே எளிய விடை. கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு திடலும் தொழிலாளியைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று. பந்தும் கோல் கம்பமும் நிருவாகத்தின் தயவு. ஆனால் கொடுத்தவர் நினைத்த பயனுக்கே ஒரு பொருள் பயன்படும் என்று எந்த விதியும் இல்லை. கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவன் எவ்வாறு ஒரு நாளேனும் கூலியாக இல்லாதிருந்தானோ, அவ்வாறே ஞாயிறு மாலையில் திடலில் இறங்கியவனும் இரு மணிநேரம் பிரட்டுக் கணக்கில் அடங்காதவனாக இருந்தான்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியவர் நடுவர். தோட்டத்துப் போட்டிகளில் விசிலைக் கையில் வைத்திருந்தவர் பெரும்பாலும் யார்? கிராணி, ஆஸ்பத்திரி டிரெசர், அல்லது தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வார நாளில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தவரும், பால் எடையில் கழித்தவரும், ஞாயிறு மாலையில் ‘பெனால்டி’ கொடுத்தவரும் ஒரே வட்டத்தினர். அந்த நடுவரை நோக்கி வரப்பில் நின்றவர்கள் வீசிய வசைச் சொற்களை நானும் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அவற்றை இவ்விதழில் எழுத இயலாது. ஆனால் அவ்வசை முழுவதும் ஆட்டத்தைப் பற்றியதன்று என்பதை உணர அதிக ஆராய்ச்சி தேவையில்லை. திங்கட்கிழமை சொல்ல முடியாததைச் சொல்லத் திடல் ஒன்றே இடம் தந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, ஐரோப்பியரையோ தோட்ட அலுவலரையோ கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பது. அவ்வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியபோது அரசு படையைக் கொண்டு அதனை அடக்கியது, உயிர்கள் பலியாயின. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்ததைக் கலகம் என்று எழுதிய கண்களுக்கு, நடுவர்முன் தலைகுனிய மறுப்பதும் முரட்டுத்தனமாகவே தெரிந்திருக்கும். ரக்பித் திடலில் நடுவரை ‘ஐயா’ என்றவர் அத்திடலுக்கு வெளியே பிறரால் ‘ஐயா’ எனப்பட்டவர். எண்பது நிமிடங்கள் பணிந்திருப்பது அவர்க்கு ஓர் அழகு. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் பணிந்திருந்தவனிடம் அதே பணிவை மாலையிலும் கேட்பது வேறு.

தோட்டத்துத் திடல்களில் நடந்த அனைத்தையும் அடக்குமுறைக்கு எதிர்வினை என்று போற்றிவிட முடியாது. அவ்வாறு எழுதும் போக்கு நம் ஆய்வுகளில் மிகுந்துவருகிறது. இறுதியாட்டம் முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்து அணியை லாரியில் ஏறவிடாமல் மறித்தது, போத்தல் வீசியது, அடுத்த வாரம் சந்தையில் பழிதீர்த்தது ஆகியவற்றில் விடுதலை ஏதும் இல்லை. அடிவாங்கியவனும் அதே சம்பளம் பெற்ற கூலித் தொழிலாளியே. மேல்நோக்கி எறிய முடியாத கல் பக்கவாட்டில் எறியப்பட்டது. இதற்குக் காரணம் கூறலாம், நியாயம் கூற இயலாது.

ரக்பி வரலாற்றிலேயே இதற்கு ஓர் இணை உண்டு. 1895இல் வட இங்கிலாந்தின் கழகங்கள் ரக்பிச் சங்கத்திலிருந்து பிரிந்து தனிச்சங்கம் கண்டன. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர் ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்பதே சிக்கல். பணம் பெற்று ஆடுவது கனவான் பண்பன்று எனத் தெற்கத்தியர் மறுத்தனர். கூலியை இழந்தும் ஆட வல்லவனே கனவான் என்பது இதன் பொருள். மாவட்ட அணிக்குத் தெரிவான தோட்டத்துப் பையன் ஒருவன் பயிற்சிக்காகத் துரையிடம் விடுப்புக் கேட்டு நின்ற நிலையை நினைத்தால் இது நமக்கும் புரியும். இத்தனைக்கும் நடுவில்தான் நம்மவர் மேலெழுந்தனர். கிள்ளான் துறைமுகத்தில் பிறந்து சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல்காவலராக நின்ற ஆர். ஆறுமுகத்தை, நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என நாடே அழைத்தது. 1980இல் தென்கொரியாவை வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற ஆட்டத்தில் ஆடிய அணியில் அவர் இருந்தார். நாடு அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. அவரும் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தின் தமிழ்க் கோல்காவலர் பாத்திரம் அவரையே நினைவூட்டியது.

மலேசியத் தமிழ்ப் புனைகதை இத்திடலைப் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது என் வாசிப்பில் எழுந்த குறை. கோயிலும் கள்ளுக்கடையும் லயமும் பால்மரக் காடும் பெற்ற இடத்தைத் திடல் பெறவில்லை. வறுமையையும் குடியையும் எழுதினால் இலக்கியம், பந்தை எழுதினால் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம் எழுத்தாளர்க்கு இருந்திருக்கலாம்.

வரப்பில் நின்றவர்கள்

ஆடுவோரை விடப் பார்ப்போரே காற்பந்துக்குக் கெட்ட பெயர் ஈட்டித்தந்தனர் என்பர். பார்ப்போர் பற்றிய மிகக் கூர்மையான பதிவு ஒன்று நம்மிடமே உள்ளது. நக்கண்ணையார் பாடிய புறநானூற்று 85ஆம் பாடலில், மற்போர் புரியும் கோப்பெருநற்கிள்ளிக்கு அவ்வூர் சொந்த ஊரன்று, அந்நாடும் சொந்த நாடன்று. அதனாலேயே கூட்டம் இரண்டாகப் பிளக்கிறது. வென்றான் என்கின்றது ஒரு சாரார். இல்லை என்கின்றது மற்றொரு சாரார். தலைவியோ சிலம்பொலிக்க ஓடிவந்து வீட்டுப் பனையைப் பற்றி நின்று அவன் வெற்றியைத் தன் கண்ணாலேயே காண்கிறாள். உரையாசிரியர்கள் இதனைக் கைக்கிளைப் பாடலாகக் கொண்டு அவளது காதலையே விளக்கினர். வெளியூர் ஆட்டக்காரனுக்கு எதிரான உள்ளூர்க் கூட்டம் என்னும் செய்தியும் அதில் முழுமையாக இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இரு சாரார் இரு வேறு முடிவுகளைக் காண்கின்றனர். காற்பந்து இரசிகரின் உளவியல் முழுவதும் இதில் அடங்கும்.

2010 டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் ஆசியான் கிண்ண இறுதியின் முதல் ஆட்டம் நடந்தபோது, இந்தோனேசிய ஆட்டக்காரர்களின் கண்களில் மலேசிய இரசிகர்கள் லேசர் ஒளி பாய்ச்சினர். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. மலேசியா 3–0 என வென்றது. கே. இராஜகோபால் பயிற்றுவித்த அவ்வணி ஜாகர்த்தாவில் 1–2 எனத் தோற்றும் மொத்தத்தில் கிண்ணத்தைக் கைப்பற்றியது. தமிழர் ஒருவர் பயிற்றுவித்த அணி பெற்ற வெற்றி என்று நாம் மகிழ்ந்தோம், இன்றும் மகிழ்கிறோம். லேசர் ஒளியைப் பற்றி நம்முள் யாரும் அதிகம் பேசவில்லை. 2014 டிசம்பரில் ஷா ஆலாமில் வியட்நாமிய இரசிகர்கள் தாக்கப்பட்டனர். 2015 செப்டம்பர் 8 அன்று அதே அரங்கில் சவூதி அரேபியாவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதியாட்டம், இரசிகர்கள் எறிந்த தீப்பந்துகளால் 88ஆம் நிமிடத்தில் கைவிடப்பட்டது. அதற்கு ஐந்து நாள்களுக்கு முன் அணி ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0–10 எனத் தோற்றிருந்தது. எரிந்தவை தீப்பந்துகள் மட்டுமல்ல, காற்பந்துச் சங்க நிருவாகத்தின்மீது பல ஆண்டுகளாகத் திரண்டிருந்த வெறுப்பும்தான்.

இவை கண்டிக்கத்தக்கன. ஆயினும் ‘முரட்டு இரசிகர்’ என்னும் முத்திரை யாருக்குப் பயன்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் இரசிகர்களுள் 97 பேர் உயிரிழந்தனர். குடித்த இரசிகர்களே காரணம் என்று காவல்துறை தரப்பு கூறியதை நாடு நம்பியது. அவர்கள்மீது பிழையில்லை, காவல்துறையின் தவறுகளே முதன்மைக் காரணம் என்று விசாரணை மன்றம் 2016இல் தீர்ப்பளிக்க 27 ஆண்டுகள் ஆயின. 2022 அக்டோபர் 1 அன்று கிழக்கு ஜாவாவின் கஞ்சுருஹான் அரங்கில் 135 பேர் இறந்ததும் காவலர் வீசிய கண்ணீர்ப்புகையைத் தொடர்ந்த நெரிசலில்தான். முரடர்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்ட கூட்டத்தைக் காவலர் முரடர்களாகவே நடத்துகின்றனர்; பின்னர் பிணங்களின்மீதும் அதே பெயர் எழுதப்படுகிறது.

ரக்பி அரங்குகளில் இரு அணிகளின் இரசிகர்களும் கலந்து அமர்கின்றனர் என்பது உண்மை. இதனை வர்க்கத்தால் மட்டுமே விளக்க முற்படுவோர்க்கு வேல்ஸ் நாடு தடையாக நிற்கிறது. அங்கு நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் ரக்பியே தொழிலாளர் ஆட்டம். அங்கும் அரங்கக் கலவரம் அரிது. எனவே ஆட்டத்தின் அமைப்பிற்கும் இதில் பங்குண்டு என்பதை ஏற்க வேண்டியுள்ளது. முன்னர்க் கூறியதுபோல் மோதலுக்கு உரிமம் இருப்பதும், புள்ளிகள் பலவாக வருவதால் ஒரு முடிவு மட்டுமே விதியாகிவிடாததும் பார்ப்போரின் கொதிப்பைத் தணிக்கின்றன. ஆனால் ரக்பிக் கூட்டமும் கொதித்ததுண்டு. 1981இல் இனவொதுக்கல் நாடாக இருந்த தென்னாப்பிரிக்காவின் அணி நியூசிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது எதிர்ப்பாளர்கள் ஹாமில்டன் திடலில் புகுந்து ஆட்டத்தை நிறுத்தினர். ஆத்திரமுற்ற ரக்பி இரசிகர்கள் அவர்களைத் தாக்கினர். கனவான் ஆட்டத்தின் இரசிகர்க்கும் ஆட்டம் மறுக்கப்பட்டபோது கை நீண்டது.

எதைக் கடன் வாங்கலாம்?

கடன் வாங்கத்தக்கது ரக்பியின் நடைமுறையே. அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் பேசலாம் என்னும் ஏற்பாட்டை ஐரோப்பியக் காற்பந்து 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் கைக்கொண்டது. நடுவரைச் சூழ்ந்து நெருக்கும் காட்சிகள் வெகுவாகக் குறைந்தன. தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் இதனை நாளையே செயற்படுத்தலாம். செலவு ஏதும் இல்லை. நடுவர் தம் முடிவின் காரணத்தை இரு சொற்களில் உரக்கக் கூறுவதும் அவ்வாறே. காரணம் கேட்டறியும் உரிமை பெற்ற பிள்ளை முடிவுக்குக் கட்டுப்படுவதற்கும், காரணமே அறியாத பிள்ளை அஞ்சிக் கட்டுப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. நம் வகுப்பறைகளில் இரண்டாம் வகைக் கட்டுப்பாட்டையே ஒழுக்கம் என்று நெடுநாள் பயிற்றுவித்தோம் என்பதையும் இடையில் சொல்லிவைக்கலாம்.

ரக்பியையே கொண்டுவரலாம் என்போர் முதலில் இடத்தைக் காட்ட வேண்டும். தோட்டங்கள் கைமாறியும் வீடமைப்பு நிலங்களாகியும் போனபோது தொழிலாளர் குடும்பங்கள் நகரோரக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தாய், உலு சிலாங்கூர் எல்லையில் உள்ள மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் வெறும் வீட்டுக்காகவே பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. வீட்டைக் கேட்டவர் திடலைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேராசை எனப்பட்டிருப்பர். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் ஆறு உயிர்கள் பலியான வன்முறை, இவ்வாறு நெருக்கியடைக்கப்பட்ட குடியிருப்பில் நிகழ்ந்தது. அங்குக் காற்பந்தும் இல்லை, ரக்பியும் இல்லை. இளைஞர் வன்முறைக்குக் காற்பந்தைக் காரணமாக்கும் பயிலரங்குக் கட்டுரைகளில் இவ்வூரின் பெயர் இடம்பெறுவதே இல்லை.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு மாற்றப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் இன்று எஞ்சியிருப்பது சபைகூடும் சிமெண்டுத் தளம். அதில் ஐவர் ஆடும் புட்சால் ஆடலாம். பையன்கள் இடைவேளையில் ஆடியும் வருகின்றனர். ரக்பிக்கோ நூறு மீட்டர் நீளத்தில், விழுந்தால் எலும்பு முறியாத மெத்தென்ற புல்தரை வேண்டும். சிமெண்டில் யாரையும் பிடித்து வீழ்த்த இயலாது.